நடுவில் நிற்கும் பணம் பிறந்த கதை

எங்கள் தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெட் மேட்ச் நடக்கும். ஆளுக்கு 5 ரூபாய், அணிக்கு 55. டாஸ் போடுவதற்கு முன்பே இரண்டு பக்கத்துப் பணமும் பெட்டிக்கடை அண்ணாச்சியின் கல்லாவுக்குப் போய்விடும். ஆட்டம் முடிந்து இரண்டு கேப்டன்களும் சேர்ந்து போய் நின்றால்தான் எடுத்துக் கொடுப்பார். ஒரு ஞாயிறு அவர் கடை பூட்டியிருந்தது. ஆடி முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கினோம். கடைசி ஓவரில் மேலத்தெரு தோற்றது. ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

போன மே மாதம் அக்கா கொடைக்கானலிலிருந்து போன் செய்தபோது அந்தப் பூட்டிய கடைதான் என் நினைவுக்கு வந்தது. இன்ஸ்டாகிராமில் பார்த்த காட்டேஜ். இரண்டு இரவுக்கு 12,000 ரூபாய். "சீசன் டைம் மேடம், ஃபுல் அமௌன்ட் போட்டாத்தான் பிளாக் பண்ண முடியும்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னவனுக்கு முழுத்தொகையையும் அனுப்பியிருந்தாள். மேப் காட்டிய இடத்தில் வீடு இருக்கத்தான் செய்தது. படத்தில் பார்த்த அதே நீலக் கதவு, வாசலில் அதே பூச்செடி. காவலுக்கு இருந்த பெரியவர் குடையோடு வெளியே வந்தார். "இது மொதலாளி வந்து தங்குற வீடும்மா, வாடகைக்கு விடுறதே இல்ல. இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு" என்றார். இரண்டு குழந்தைகள், வயதான மாமியார், நான்கு பெட்டி, நல்ல மழை. அக்கா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கடைக்காரர் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் குறைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவள். அவளுக்கு அன்றைக்கு இல்லாமல் போனது ஓர் அண்ணாச்சி.

தெரியாத ஊரில் தெரியாதவர் வீட்டை எடுத்துத் தங்குவதில் மற்ற வியாபாரத்தில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. காய்கறியைப் பையில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்கிறோம். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு டிக்கெட் எடுக்கிறோம். விடுமுறை வீட்டுக்கு மட்டும் இன்றைக்குப் பணம், மூன்று வாரம் கழித்துத்தான் கதவு. அந்த மூன்று வாரமும் ஏமாற்றுகிறவனுக்கு நாமே கொடுக்கும் அவகாசம். கார்டிலிருந்து யாரோ பணம் எடுத்தால் அடுத்த நிமிடமே போனுக்குச் செய்தி வந்துவிடும். இங்கே ஏமாந்தது தெரிவதே பெட்டியோடு வாசலில் நிற்கும்போதுதான். அதற்குள் சிம் கார்டு மாறியிருக்கும், கணக்கு துடைத்து எடுக்கப்பட்டிருக்கும். பணத்தை யாராவது நடுவில் பிடித்து வைத்திருந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் இந்த இடைவெளியில்தான் முளைத்தது. அது முளைத்த கதை அமெரிக்காவில் ஒரு பனிமலை ஊரில் தொடங்குகிறது.

கொலராடோ மாநிலத்தில் பிரெக்கன்ரிட்ஜ் என்று ஓர் ஊர், பனிச்சறுக்குக்குப் பெயர் போனது. அங்கே வீடு வைத்திருந்த டேவிட் க்ளௌஸ் என்பவர் அதை வாடகைக்கு விடுவதற்காக 1995-ல் ஓர் இணையதளம் ஆரம்பித்தார். உரிமையாளரே நேரடியாகத் தரும் விடுமுறை வாடகை என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து விஆர்பிஓ என்று பெயர் வைத்தார். முகவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டாம், நீங்களும் வீட்டுக்காரரும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல், பிறகு கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற பெரிய விளம்பரத் தளமாக வளர்ந்தது. இரண்டுமே நம் நாளிதழ்களின் வரி விளம்பரம் போலத்தான். வீட்டுக்காரர் விளம்பரம் போடுவார், படிப்பவர் அவருக்கு எழுதுவார், காசோலை தபாலில் போகும். பணம் எப்படிக் கைமாறுகிறது என்பது தளத்தின் வேலையாகவே கருதப்படவில்லை.

நல்லவர்கள் இருக்கும்வரை அது நன்றாகத்தான் நடந்தது. ஏமாற்றுகிறவர்கள் உள்ளே வந்ததும் முதலில் கைவைத்தது காசோலையில். காசோலை வங்கிக்குப் போய்ப் பணமாக நாளாகும், இடையில் நிறுத்தவும் முடியும். அதனால் அவர்கள் வேறு வழி கேட்டார்கள்: உடனடிப் பணமாற்று. வளைகுடாவிலிருந்து வீட்டுக்குப் பணம் வரும் வழியாக நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழக்கமான வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகள் அவை. பெற்றவர் பணத்தை எடுத்துவிட்டால் அனுப்பியவர் திரும்பப் பெற முடியாது. மகன் அம்மாவுக்கு அனுப்பும்போது அந்த வேகம் வரம். முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பும்போது அதே வேகம் அனுப்பியவரைக் கைவிட்டுவிடுகிறது. தன் சேவை வழியே மோசடிக்காரர்களுக்குப் பணம் போவதைச் சரியாகத் தடுக்கவில்லை என்ற வழக்குகளை முடித்துக்கொள்ள, வெஸ்டர்ன் யூனியன் 2017 ஜனவரியில் அமெரிக்க அரசுக்கு 58.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. எத்தனை வீட்டு வாசல்களில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று அந்தத் தொகையைப் படிக்கும்போது தோன்றுகிறது.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஏமாற்று இன்னும் ஒரு படி ஏறியது. வீடு உண்மை. படம் உண்மை. உரிமையாளர் உண்மை. அவருடைய மின்னஞ்சல் முகவரிகூட உண்மை. ஆனால் அந்த அஞ்சல் பெட்டிக்குள் வேறொருவன் புகுந்து உட்கார்ந்திருப்பான். போலி உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டி உரிமையாளரின் கடவுச்சொல்லை வாங்கிவிடுவான். விசாரித்து வரும் கடிதங்களுக்கு அவனே பதில் எழுதுவான். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினால் தள்ளுபடி என்பான். பதில் போனதும் கடிதத்தை அழித்துவிடுவான், உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சரிபார்த்த பயணிகூட இதில் விழுந்தார். "நன்றாக விசாரித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்" என்ற அறிவுரை எவ்வளவு சிறியது என்பதை இந்த ஏமாற்றுதான் எனக்குப் புரியவைத்தது. ஆளை எவ்வளவு விசாரித்தாலும் பணம் போகும் பாதையை விசாரிக்காவிட்டால் பயனில்லை.

இரண்டு பேருக்கும் பொதுவான ஆளிடம் கொடுத்து வைப்பது புதிய யோசனை இல்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் அதற்கு எஸ்க்ரோ என்று பெயர். பழைய பிரெஞ்சில் தோலேட்டுச் சுருளைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பத்திரத்தை எழுதி மூன்றாம் ஆளிடம் ஒப்படைப்பார்கள். பேசிய நிபந்தனை நிறைவேறினால்தான் அது உரியவர் கைக்குப் போகும். இன்றும் அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள் இந்தச் சொல்லைத் தாண்டாமல் வீடு வாங்க முடியாது. இணையத்துக்கு இதைக் கொண்டுவர 1999-லேயே எஸ்க்ரோ.காம் வந்துவிட்டது. ஆனால் அதைச் சாதாரண மக்களின் அன்றாடப் பழக்கமாக்கியது சீனா என்றுதான் சொல்வேன். 2003 அக்டோபரில் தாவ்பாவ் என்ற விற்பனைத் தளத்தில், ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் பழைய ஃபூஜி கேமராவை 750 யுவானுக்கு விற்றார். வாங்கியவர் சியான் நகரத்து மாணவர். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆளை எப்படி நம்புவது? பணத்தைத் தளமே வாங்கி வைத்துக்கொண்டது. கேமரா கைக்கு வந்த பிறகுதான் விற்றவருக்குப் போய்ச் சேர்ந்தது. அலிபே என்ற பெரிய நிறுவனம் பிறந்தது அந்த ஒரு கேமராவில்தான்.

வீட்டு வாடகைக்கு இந்த யோசனை வந்த விதம் இன்னும் சுவையானது. இங்கே அது ஒரு மறதியில் பிறந்தது.

2007 அக்டோபர், சான் பிரான்சிஸ்கோ. வாடகை கட்டத் திண்டாடிக்கொண்டிருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்கள். ஊரில் வடிவமைப்பாளர்கள் மாநாடு, ஓட்டல்களில் இடமில்லை. தங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று காற்றுப் படுக்கைகளை ஊதிப் போட்டு, காலைச் சிற்றுண்டியோடு ஓர் இரவுக்கு 80 டாலர் என்று ஓர் எளிய தளத்தில் அறிவித்தார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். வீட்டுக்காரர்களும் அதே வீட்டில் இருந்ததால் ஏமாற்றுக்கு அங்கே இடமில்லை. கதவைத் திறந்து கைகொடுத்த பிறகுதான் மற்ற பேச்சு.

அடுத்த ஆண்டு மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் எஸ்எக்ஸ்எஸ்டபிள்யூ என்ற பெரிய கலை, தொழில்நுட்ப விழா. அதற்காகத் தளத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். மொத்தம் இரண்டே பதிவுகள். அதில் ஒன்று செஸ்கியே போட்டது. அவர் ஒரு மாணவர் வீட்டில் போய்த் தங்கினார். கையில் ரொக்கம் இல்லை, வழியில் ஏடிஎம்முக்குப் போக மறந்துவிட்டார். நாளைக்குத் தருகிறேன் என்றார். மறுநாளும் மறந்தார். இவ்வளவு அன்பாகப் பேசுகிறவர் பணம் தராமலே போய்விடுவாரோ என்று வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே கூரையின் கீழ் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவில் தரவேண்டிய பணம் ஒரு சுவராக எழுந்து நின்றது. பணத்தை வந்தவரும் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் கைமாற்றிக்கொள்ளக் கூடாது, தளம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்குத் தாங்கள் வந்தது அந்தச் சங்கடத்தால்தான் என்று பிற்பாடு அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2008 ஆகஸ்டில் மூன்றாம் முறையாகத் திறந்தபோது பணம் தளத்தின் வழியே போனது. மறு ஆண்டு பெயரும் சுருங்கி ஏர்பிஎன்பி ஆனது. விஆர்பிஓவை 2006-ல் வாங்கியிருந்த ஹோம்அவே நிறுவனத்தின் தலைமையகமும் அதே ஆஸ்டின் நகரம்தான். அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளின் பணம் நேரடியாகவே கைமாறிக்கொண்டிருந்தது. அவர்களும் பயணியிடம் சேவைக் கட்டணம் வாங்கும் முறைக்கு மாற 2016 ஆனது.

செஸ்கி தீர்க்க நினைத்தது வந்தவர் பணம் தராமல் போவதை. ஆனால் அந்தத் தீர்வு காப்பாற்றியது, பணம் தந்துவிட்டு வந்து நிற்பவரை. ஏர்பிஎன்பியில் இன்று பொதுவான வழக்கம் இது: பதிவு செய்யும்போது பயணியிடமிருந்து பணம் வாங்கப்படுகிறது, அவர் உள்ளே நுழைய வேண்டிய நேரத்துக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்காரருக்கு அனுப்பப்படுகிறது. அந்த ஒரு நாள்தான் இந்தக் கதையின் நாயகன். கதவு இல்லையென்றால், சாவி சேரவில்லையென்றால், வீடு வேறாக இருந்தால் சொல்வதற்குப் பயணியிடம் நேரம் இருக்கிறது, கொடுக்காமல் நிறுத்துவதற்கு நடுவில் இருப்பவர் கையில் பணமும் இருக்கிறது. இல்லாத வீட்டை விளம்பரம் செய்தவனுக்கு அந்த மூன்று வார அவகாசத்தால் பயனே இல்லாமல் போனது.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் அந்தத் தளத்தில் வீட்டுப் படங்கள் மங்கலாக, இருட்டாக இருந்ததால் யாரும் பதிவு செய்யவில்லை. செஸ்கியும் கெபியாவும் நியூயார்க்குக்குப் போய், நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் படியேறிப் படம் பிடித்தார்கள். வியாபாரம் ஏறியது. அன்றிலிருந்து நாம் படத்தை நம்பப் பழகிவிட்டோம். அக்கா நம்பியதும் படத்தைத்தான். 2011 ஜூனில் கூகுள் படத்தைக் கொடுத்தே தேடும் வசதியைக் கொண்டுவந்தது. ஒரு வீட்டுப் படத்தை அதில் போட்டுப் பார்த்தால், அதே கூடம் வேறொரு பெயரில் வேறொரு ஊரில் விளம்பரத்தில் இருப்பது சில நேரம் வெட்டவெளிச்சமாகும். இரண்டு நிமிட வேலை. நான் இப்போது பார்க்காமல் விடுவதில்லை.

நடுவில் பணம் நின்றாலும் ஏமாற்றுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக வழி தேடினார்கள். 2019-ல் வைஸ் பத்திரிகையின் நிருபர் ஒருவர் சிகாகோவில் ஏர்பிஎன்பி வழியே வீடு எடுத்திருந்தார். உள்ளே நுழைய வேண்டிய நேரத்துக்குச் சற்று முன் ஓர் அழைப்பு: குழாயில் கோளாறு, வீடு தங்கும் நிலையில் இல்லை, வேறு வீடு தருகிறோம், சரிதானே? அவசரத்தில் சரி என்றார். போன இடம் பாழடைந்து கிடந்தது. அவர் விடாமல் தோண்டியபோது, பல பெயர்களில் பல நகரங்களில் இதே குழாய்க் கதை சொல்லப்படுவது வெளியே வந்தது. அக்டோபர் 31-ல் கட்டுரை வந்தது, ஒரு வாரத்துக்குள் செஸ்கி, தளத்தில் உள்ள எல்லா வீடுகளையும் சரிபார்க்கப்போவதாக அறிவித்தார். 2023-ல், அந்த ஆண்டு 59,000 போலி விளம்பரங்களை நீக்கியதாகவும், 1,57,000-ஐ உள்ளேயே வரவிடவில்லை என்றும் அந்த நிறுவனம் சொன்னது. வீட்டுக்காரர் அந்த வீட்டுக்குள் நின்றபடியே செயலியைத் திறந்து படம் எடுத்து அனுப்பும் முறையும் அப்போது வந்தது. சிகாகோ கதையில் பணம் நடுவில்தான் இருந்தது. நிருபர் போனில் சொன்ன சம்மதம்தான் அதை வீட்டுக்காரன் பக்கம் தள்ளியது. அப்படியொரு அழைப்பு வந்தால் போனில் எதற்கும் தலையாட்டக் கூடாது. செயலிக்குள்ளேயே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

மற்ற எல்லா ஏமாற்றும் ஒரே வாக்கியத்தில் அடங்கும். "ஆப்புல போட்டா கமிஷன் போயிடும் சார், நேரா போட்டீங்கன்னா ரெண்டாயிரம் கம்மி பண்ணிக்கலாம்." இந்த வாக்கியம் எந்த மொழியில் வந்தாலும் பொருள் ஒன்றுதான்: அண்ணாச்சி கடையை விட்டு வெளியே வா. தளத்தின் பெயரைப் போலவே எழுத்து அமைந்த வேறொரு முகவரியின் இணைப்பு வரலாம். தளத்தின் முத்திரையோடு ரசீது வரலாம். 2023-ல் புக்கிங்.காம் வழியே அறை எடுத்த பலருக்கு, அவர்கள் பதிவு செய்திருந்த உண்மையான ஓட்டலின் செய்திப் பெட்டியிலிருந்தே, கார்டு விவரத்தை மறுபடி உறுதிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. ஓட்டல் ஊழியரின் கணினிக்குள் புகுந்து கணக்கைப் பிடித்தவர்கள் அனுப்பியது அது. 2010-ன் மின்னஞ்சல் ஏமாற்று சட்டை மாற்றி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை பணம் கட்டிய பிறகு மறுபடி கட்டச் சொல்லும் எந்த இணைப்பையும் தொடாமல், நாமாகச் செயலியைத் திறந்து பார்ப்பதைத் தவிர இதற்கு மாற்றில்லை.

நம் நாட்டில் இந்தக் கதை வேறு திசையில் போனது. 2016 ஏப்ரல் 11-ல் மும்பையில் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயைத் தொடங்கி வைத்தார். கீரைக்காரம்மாவுக்கு 10 ரூபாய் நொடியில் போய்ச் சேர்கிறது. கீரை என் கையில் இருப்பதால் அந்த வேகத்தில் எனக்கு ஒரு பயமும் இல்லை. ஆனால் கொடைக்கானல் காட்டேஜுக்கும் நாம் அதே பொத்தானைத்தான் அழுத்துகிறோம். அங்கே நடுவில் நிற்க ஆளே கிடையாது. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம், யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைக்கும் போலிப் பதிவுத் தளங்களைப் பற்றி எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர், சார்தாம் யாத்திரைக்கான விடுதிகள், சோமநாதர் கோயில் விருந்தினர் இல்லம் என்று அந்த அறிவிப்பு பெயர் சொல்லியே எழுதியது. கூகுளில் காசு கொடுத்து மேலே வரவைத்த விளம்பரங்களும், முகநூல், வாட்ஸ்அப் கணக்குகளும்தான் தூண்டில். ஹெலிகாப்டருக்கு ஐஆர்சிடிசியின் ஹெலியாத்ரா தளம், சோமநாதத்துக்குக் கோயில் அறக்கட்டளையின் சொந்தத் தளம் என்று சரியான இடத்தையும் அதிலேயே காட்டியிருந்தார்கள். கடவுளைப் பார்க்கச் சேர்த்து வைத்த பணத்தை ஒருவன் பறிக்கிறான் என்பதைப் படித்தபோது மனம் ஆறவில்லை.

முன்கூட்டியே நடுவில் நிற்க ஆள் இல்லாத இடத்தில், ஓடிப் போய்ப் பிடிக்கும் ஓர் ஆளை நம் அரசு ஏற்படுத்தியது. 2021 ஏப்ரல் 1 அன்று 155260 என்ற எண்ணில் உதவி மையம் வேலையைத் தொடங்கியது. பிறகு எண் 1930 ஆனது. அழைத்தவர் சொல்லும் பரிவர்த்தனை எண்ணைப் போலீஸ்காரர் பதிவு செய்கிறார். அது உடனே பணம் போன வங்கிக்குப் போகிறது. பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் வங்கி நிறுத்தி வைக்கிறது. அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்குத் தாவுகிறது. முதல் இரண்டு மாதத்திலேயே 1.85 கோடி ரூபாயைக் காப்பாற்றியதாக உள்துறை அறிவித்தது. பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் அது ஓட்டப்பந்தயம். பணம் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் எட்டிப் பிடிக்க முடியும்.

அக்கா அந்த மழையில் நின்றுகொண்டே 1930-ஐ அழைத்தாள். பணம் போட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு விஷயத்தை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பணம் போட்ட மறுநாளே அவன், போகும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி 'டேமேஜ் டெபாசிட்' என்று இன்னொரு 3,000 கேட்டிருக்கிறான். நேரில் தருகிறேன் என்று மறுத்துவிட்டாள். அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்கலாம். இந்த வகை ஏமாற்றில் வாசலுக்கு முன்பே தெரியும் வெளிச்சம் அந்த இரண்டாவது கேட்பு ஒன்றுதான். டெபாசிட் என்பான், ஜிஎஸ்டி என்பான், பணம் வந்து சேரவில்லை மறுபடி போடுங்கள் என்பான், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திருப்பி அனுப்புகிறேன் என்பான். பணம் பெறுவதற்கு யுபிஐயில் பின் எண் தேவையே இல்லை. இரண்டாவது கேட்பு வந்த நிமிடமே 1930-ஐ அழைப்பவருக்கு அந்தப் பதினெட்டு நாளில் பதினேழு மிச்சம்.

இந்தக் காலாண்டு விடுமுறைக்கு அக்கா ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டே பார்த்தாள். எந்தத் தளத்திலும் இல்லாத வீடு, பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் சொன்னது. வீட்டுக்காரருக்கு வீடியோ காலில் போன் போட்டாள். கேட்டிலிருந்து தொடங்கி உள்ளே எல்லா அறையும் காட்டச் சொன்னாள். அவர் முதலில் சற்று முகம் சுளித்தார், பிறகு காட்டினார். அப்படியே வெளியே தெருவுக்கு வாருங்கள் என்றாள். வந்தார். எதிரே ஒரு டீக்கடை தெரிந்தது.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அந்த டீக்கடைக்காரர்கிட்ட போனைக் கொஞ்சம் கொடுங்க."

டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். "சொல்லும்மா" என்றார். வீடு யாருடையது என்று அக்கா கேட்டாள். அவர் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவங்க அப்பா காலத்துலேர்ந்து இவங்க வீடுதாம்மா, தைரியமா வா" என்றார். அக்கா 1,000 ரூபாய் அனுப்பினாள். மீதியைச் சாவி கைக்கு வந்ததும் தருவதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் சரி என்றார்.